டூப்ளிகேட் சாவியோட ஓனர் உள்ளே வரலாமா? வாடகை வீட்டு நுழைவு பற்றி ஒரே இழையில்

கொருக்குப்பேட்டை_மாடி
இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. ஒவ்வொரு தடவையும் பாதியில சண்டையாகி நின்னுடுது. அதனால எல்லாத்தையும் இங்கேயே பேசி முடிச்சிடலாம்.

வடசென்னையில வழக்கமான நிலைமை இதுதான். கீழே ஓனர், மேலே வாடகை. முத்திரைத்தாள்ல 11 மாச அக்ரிமென்ட், பதிவு எதுவும் இல்ல. டூப்ளிகேட் சாவி ஓனர் கையில. ஆள் இல்லாத நேரம் உள்ளே போய் மோட்டார் போடறது, மொட்டை மாடிக்குப் போறது, காலி பண்றோம்னு சொன்ன மறுநாளே புரோக்கர் கூட நாலு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து படுக்கையறை வரைக்கும் காட்டறது. கேட்டா "என் வீட்டுக்கு நான் வரக்கூடாதா"ன்னு பதில்.

சட்டம் என்ன சொல்லுது, நடைமுறையில என்ன பண்ணலாம், ரெண்டும் வேணும். சொந்தக் கதை வேண்டாம். பிரிவு, படி, அளவுன்னு எழுதுங்க.

வாய்தா
"என் வீடு" என்பது பாதி உண்மை. சொத்து ஓனருடையது, சுவாதீனம், அதாவது கையில் வைத்து அனுபவிப்பது, குடியிருப்பவருடையது. 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் 105-வது பிரிவுப்படி, வாடகைக்கு விடுவது என்றாலே அனுபவிக்கும் உரிமையைக் கைமாற்றிக் கொடுப்பதுதான். அதே சட்டத்தின் 108-வது பிரிவில் இரண்டு உட்பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சி உட்பிரிவு: வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, ஒத்துக்கொண்டபடி நடப்பவர் இடையூறு இல்லாமல் இருக்கலாம். எம் உட்பிரிவு: ஓனரோ அவருடைய ஆளோ நியாயமான நேரத்தில் வந்து வீட்டின் நிலையைப் பார்க்க வாடகைக்காரர் விட வேண்டும். ஓனர் வரவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எப்படி வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. 1960-ஆம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வது:

உள்ளே வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதில் காரணம், நாள், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். நேரம் காலை 7-லிருந்து இரவு 8-க்குள். காரணம் மூன்றே வகை: ரிப்பேர் அல்லது மாற்று வேலை, வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது, அக்ரிமென்ட்டில் எழுதி வைத்த வேறு நியாயமான காரணம்.

மூன்றாவதுதான் முக்கியம். புதுக் குடித்தனத்துக்கு வீட்டைக் காட்டுவது முதல் இரண்டு வகையிலும் வராது, விற்பனைக்குக் காட்டுவதும் வராது. அக்ரிமென்ட்டில் எழுதியிருந்தால் மட்டும் காட்டலாம், அப்போதும் 24 மணி நேர நோட்டீஸ் உண்டு.

ராயபுரம்_ரவுண்டானா
ரெடிமேட் அக்ரிமென்ட்ல "உரிமையாளர் எந்நேரமும் வீட்டைப் பார்வையிடலாம்"னு ஒரு வரி இருக்குமே, அதுல கையெழுத்து போட்டிருந்தா?

வாய்தா
அக்ரிமென்ட் காரணத்தைக் கூட்டலாம், நோட்டீஸைக் குறைக்க முடியாது. 17-வது பிரிவு அக்ரிமென்ட்டில் உள்ள காரணத்தையும் நோட்டீஸுக்குள்தான் வைக்கிறது. "எந்நேரமும்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்று. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த புட்டசாமி தீர்ப்பை இந்தத் தகராறில் தூக்கிப் பிடிக்காதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது அந்தத் தீர்ப்பு, ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் நிற்கும். கீழ் வீட்டு ஓனருக்கு அனுப்பும் கடிதத்தில் அதை எழுதினால் பக்கம்தான் நிரம்பும். 17-ம் 108-ம் போதும்.

ஓனர்_தரப்பு
ஓனர் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து கீழ் வீட்டு சீலிங் ஊறுது. வாடகைக்காரங்க "நோட்டீஸ் கொடு, அன்னிக்கு மட்டும் வா"ங்கறாங்க. பிளம்பர் நாளைக்கு நாலு மணிக்கு வரேன்னுட்டு மூணு நாள் கழிச்சு வர்றார். ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரமா?

சம்ப்_மூடி
சார், லீக்கேஜ் ஒரு நாள் வேலை கிடையாது. அது தெரியாமதான் ரெண்டு பக்கமும் மல்லுக்கட்டறீங்க. என்ன நடக்கும்னு வரிசையா சொல்றேன், அதை வச்சு ஒரே நோட்டீஸா எழுதிக்குங்க.

முதல் நாள் கண்டுபிடிக்கற வேலை. பாத்ரூம் பைப்புக்குப் போற கேட் வால்வை மூடிட்டு, தண்ணி புழங்காம ஒரு நாள் விடணும். கீழே ஊறல் நின்னா பிரஷர் லைன்ல கோளாறு: சுவத்துக்குள்ள போற பைப்பு ஜாயின்ட், இல்ல டைவர்ட்டர் (குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணியைத் திருப்பற வால்வு). நிக்கலைன்னா அடுத்தது தரை. நஹானி ட்ராப் (பாத்ரூம் தரையில தண்ணி வடியற குழி) வாயைத் துணி சுத்தி அடைச்சு, ரெண்டு இன்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடணும். தண்ணி மட்டத்தை சுவத்துல சாக்பீஸால கோடு போட்டு வைங்க. மட்டம் இறங்கி, கீழே ஈரம் கூடினா டைல்ஸ் இடுக்கு இல்ல வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கு. மட்டம் இறங்கல, ஆனா துணியை எடுத்து வடிய விட்டதும் கீழே சொட்டுதுன்னா ட்ராப்புக்கும் பைப்புக்கும் நடுவுல இருக்கற ஜாயின்ட். எங்க ஏரியா பழைய வீடுகள்ல பத்துக்கு ஆறு இதுதான். தரையையே உடைக்காம ட்ராப்பைச் சுத்தி ஒரு அடி உடைச்சா போதும்.

தரை முழுக்க உடைக்கணும்னா: ஒரு நாள் உடைப்பு, ஒரு நாள் பூச்சு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல காய விடறது, அப்புறம் 48 மணி நேரம் தண்ணி கட்டி டெஸ்ட், அப்புறம் டைல்ஸ், மேல ரெண்டு நாள் நடக்கக்கூடாது. கிட்டத்தட்ட எட்டு நாள். அந்த எட்டு நாளும் குடித்தனக்காரங்க குளிக்க, கழிக்க எங்க போவாங்கன்னு ஓனர் முதல்ல பதில் வச்சிருக்கணும். ஒரே பாத்ரூம் இருக்கற வீட்டுல அதைச் சொல்லாம நோட்டீஸ் கொடுத்தா கதவு திறக்காதுதான்.

வாய்தா
சம்ப்_மூடி சொன்னதை நோட்டீஸாக எழுதினால் இப்படி வரும்:

"குளியலறைக் கசிவைக் கண்டறியவும் சரிசெய்யவும், வரும் திங்கள் முதல் அடுத்த செவ்வாய் வரை, தினமும் காலை 10 முதல் மாலை 5 மணிக்குள், உரிமையாளரும் பிளம்பரும் உதவியாளர் ஒருவரும் வருவோம். திங்கள், செவ்வாய் சோதனை. புதன் முதல் உடைப்பு. இந்த நாட்களில் தரைத்தள வெளிக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேலை நாள் மாறினால் முந்தைய நாள் மாலைக்குள் தெரிவிப்போம்."

எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ். வாடகைக்காரர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். யார் யார் வருவார்கள் என்ற எண்ணிக்கையை விடாதீர்கள்.

வாடகைக்காரர்களுக்கு: இப்படி ஒரு நோட்டீஸ் வந்த பிறகு கதவை அடைத்தால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். 108 எம் உங்கள் மேல் இருக்கும் கடமை. கசிவு தெரிந்தும் ஆளை விடாமல் சேதம் பெரிதானால் அட்வான்ஸில் பிடிப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மூலக்கடை_முனை
செலவு யாருது?

வாய்தா
2017 வாடகைச் சட்டத்தின் 15-வது பிரிவும் அதன் அட்டவணையும். கட்டடத்தின் அமைப்பு சம்பந்தமான வேலை, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, உள் வெளி ஒயரிங் எல்லாம் ஓனர். குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, வெஸ்டர்ன் டாய்லெட் ரிப்பேர், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, கதவு அலமாரிகளின் கைப்பிடி, பூட்டு இவை வாடகைக்காரர். ட்ராப் ஜாயின்ட் ஓனர் தலையில்தான் விழும். ஓனர் செய்யவே மாட்டேன் என்றால் வாடகைக்காரர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம், ஒரு மாசத்தில் கழிப்பது அந்த மாச வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது.

பூட்டு_ரிப்பேர்_பெரம்பூர்
மேலே கடைசியில "பூட்டு"ன்னு போட்டீங்க பாருங்க, எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. பூட்டு மாத்தறது வாடகைக்காரர் பொறுப்புன்னு சட்ட அட்டவணையே சொல்லுது. அப்ப உள்ளே வந்ததும் பூட்டை மாத்திக்கறதுல தப்பு என்ன இருக்கு? பழைய பூட்டை பத்திரமா எடுத்து வச்சு, காலி பண்றப்ப திரும்ப மாட்டிக் கொடுக்கணும். அவ்ளோதான்.

மார்ட்டிஸ் லாக் (கதவுக் கட்டைக்குள்ள பதிச்ச பூட்டு) இருந்தா கதவையே தொட வேணாம், சாவி நுழையற சிலிண்டர் மட்டும் மாத்தலாம். கதவைத் திறந்து வச்சு, பக்கவாட்டு விளிம்பைப் பாருங்க. பூட்டுப் பட்டைக்கு நடுவுல, சாவித் துளை உயரத்துக்கு நேரா ஒரே ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழட்டுங்க. சாவியைப் போட்டு லேசா, ஒரு பத்து பதினைஞ்சு டிகிரி திருப்புங்க. உள்ள நீட்டிட்டு இருக்கற நாக்கு சிலிண்டர் உடம்போட சமமாகும், அப்ப இழுத்தா வழுக்கிட்டு வரும். வரலைன்னா திருப்பினது கூடவோ குறையவோ இருக்கு, சுத்தியலைத் தூக்காதீங்க. கழட்டினதோட நீளத்தை அளந்து அதே அளவு வாங்கணும். வீட்டுக் கதவுல பெரும்பாலும் 60 இல்ல 70 மில்லி. மொத்த நீளம் மட்டும் பாத்தா பத்தாது. ஸ்க்ரூ துளையில இருந்து ரெண்டு பக்கமும் எவ்வளவுன்னும் பாக்கணும். 35-35 வாங்க வேண்டிய இடத்துல 30-40 வாங்கினா வெளிப் பக்கம் நீட்டிட்டு நிக்கும், பிளையர் வச்சு உடைச்சுடலாம்.

பழைய மரக்கதவு, கொண்டி போட்டு தொங்கு பூட்டுன்னா வேற பிரச்சனை. பூட்டு எவ்ளோ பெருசுன்னாலும் கொண்டியோட ஸ்க்ரூ வெளிய தெரிஞ்சா பிரயோஜனம் இல்ல. பட்டையை மடக்கினா ஸ்க்ரூ மறையற மாதிரி கொண்டியா பாத்து வாங்குங்க. மர ஸ்க்ரூவுக்குப் பதிலா தலை வழவழப்பா இருக்கற கேரியேஜ் போல்ட்டு, கதவை ஊடுருவி உள் பக்கம் வாஷர், நட்டு. உள்ளேயிருந்து ஒரு எட்டு இன்ச் தாழ்ப்பாள், வீட்டுல இருக்கறப்ப அதைப் போட்டுக்குங்க. டூப்ளிகேட் சாவியால தாழ்ப்பாளைத் திறக்க முடியாது.

ஓனர்_தரப்பு
சாவி இல்லன்னா தீப்பிடிச்சா, கேஸ் லீக் ஆனா என்ன பண்றது? மழை வெள்ளம்?

பூட்டு_ரிப்பேர்_பெரம்பூர்
ஒரு சாவியை கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஓனர்கிட்டயே கொடுங்க. பிரிச்சா தெரிஞ்சிடும்.

வாய்தா
கவர் யோசனை நல்லது, அக்ரிமென்ட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்துக்கு 24 மணி நேரம் பார்க்க வேண்டியதில்லை. பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 19-வது பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81: குற்ற நோக்கம் இல்லாமல், பெரிய சேதத்தைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. கேஸ் வாடை அடித்துக் கதவைத் திறந்த ஓனர் மேல் யாரும் கேஸ் போட முடியாது. ஆனால் "அவசரம்" என்ற சொல்லை மோட்டார் போடுவதற்கு நீட்டக் கூடாது.

எண்ணூர்_கழிமுகம்
கேஸ் லீக்னு சொன்னதால ஒண்ணு. எல்பிஜி காத்தை விட கனம், தரையோட தேங்கும். திறந்து உள்ளே போறவங்க லைட், ஃபேன் சுவிட்ச் எதையும் தொடாம, ஆஃப் கூட பண்ணாம, ரெகுலேட்டரை மூடிட்டு கதவு ஜன்னலைத் திறக்கணும். 1906-க்கு அடிச்சா ஆள் வரும்.

வெள்ளமும் அப்படியே. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எங்க பக்கம் வீட்டுக்குள்ள வந்தது வெறும் மழைத்தண்ணி இல்ல, எண்ணெயும் சேர்ந்து வந்துச்சு. பூட்டின வீட்டுல கட்டில், ஃப்ரிட்ஜ் எதை மேல தூக்கணும்னு முடிவெடுக்க போன்ல வாடகைக்காரரை வச்சுக்கிட்டே உள்ள போங்க. வீடியோ கால் போட்டுட்டே போனா பின்னால "அது காணோம் இது காணோம்" வராது.

சம்ப்_மூடி
இப்ப அசல் விஷயத்துக்கு வரேன். இங்க வர்ற சண்டையில முக்கால்வாசி, ஓனர் ஒட்டுக்கேக்க வர்றதால இல்ல. ஓனருக்கு வேண்டிய ஒரு பொருள் வாடகைக்காரர் போர்ஷனுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. பன்னெண்டு அடி அகலத்து மனையில மாடி மேல மாடி ஏத்தின வீடு. சம்ப், அதான் தரைக்கடித் தண்ணித் தொட்டி, அதோட மூடி தரைத்தள குடித்தனத்தோட முன் ரூம்ல. மோட்டார் சுவிட்ச் முதல் மாடி ஹால்ல. மொட்டை மாடிக்குப் போற படி சமையலறை ஓரமா. ஈபி பாக்ஸ் உள் நடையில. இதுல மெட்ரோ வாட்டர் விடிகாலையில விடற தெருவா இருந்தா முடிஞ்சுது, ஓனர் காலை 5 மணிக்குக் கதவைத் தட்டியே ஆகணும். சட்டத்துல 7 மணிக்கு முன்னாடி வரக்கூடாது. யாரும் கெட்டவங்க இல்ல, வீடு கட்டின விதம் அப்படி.

மோட்டார் சுவிட்சை வெளிய கொண்டு வாங்க. ஒரு எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார்னா 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், முக்கால் இன்ச் பிவிசி பைப்புக்குள்ள, மாடிப்படி சுவத்துல ஸ்டார்ட்டர் பெட்டி, பக்கத்துலயே 16 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்). எர்த் ஒயரை விட்டுடாதீங்க, படிக்கட்டுல ஈரக் கையோட தொடற இடம். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இல்லன்னா சம்ப்லயும் டேங்க்லயும் சென்சார் போட்டு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வச்சா சுவிட்சே யாருக்கும் வேணாம்.

அப்படியே மோட்டார் எந்த மீட்டர்ல ஓடுதுன்னு பாருங்க. ஒரு எச்பின்னா 746 வாட், மோட்டார் நஷ்டத்தையும் சேர்த்தா மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் அரை மணி ஓட்டினா ரெண்டு மாச ரீடிங்ல 30 யூனிட். மூணு குடும்பத்துக்கான தண்ணி ஒரு குடித்தனத்தோட இலவச 100 யூனிட்ல ஏறிட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. சுவிட்சை மாத்தறப்பவே இதையும் சரி பண்ணிடலாம்.

சம்ப் மூடியை நகர்த்த முடியாது. ஆனா மெட்ரோ லைன் வால்வை வெளிச் சுவத்துக்கு மாத்தலாம். சம்ப் உள்ள பால் வால்வு போட்டா தண்ணி நிரம்பினதும் தானா நிக்கும், விடிகாலையில யாரும் எட்டிப் பாக்க வேணாம். மிச்சம் சம்ப் கழுவறது. அது மூணு மாசத்துக்கு ஒரு தடவை பகல்ல செய்யற வேலைதான்.

மூலக்கடை_முனை
மொட்டை மாடியில துணி காயப் போடறப்ப ஓனர் வந்து நிக்கறது, படிக்கட்டுல கேமரா வச்சு நம்ம கதவைப் பாக்கறது, இதெல்லாம்?

வாய்தா
மொட்டை மாடி வாடகையில் சேர்ந்ததா என்பதை அக்ரிமென்ட்தான் சொல்ல வேண்டும். பொதுவில் விட்டிருந்தால் ஓனர் அங்கே வருவது "உள்ளே நுழைவது" ஆகாது. அதனால் எழுதும்போதே எது எது தனி, எது பொது என்று பிரித்து எழுதுங்கள்: ஹால், படுக்கையறை, சமையலறை, உள் கழிப்பறை தனி, படிக்கட்டு, மொட்டை மாடி, சம்ப், கைப்பம்பு பொது.

பொதுப் படிக்கட்டில் கேமரா வைக்கலாம். கதவு திறந்தால் வீட்டு உட்புறம் தெரியும் கோணத்தில் வைத்தால் திருப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள். குளியலறை, உடை மாற்றும் இடம் என்று போனால் அது வேறு கணக்கு. பி.என்.எஸ். 77-ன்படி, பெண்ணின் அந்தரங்கச் செயலைப் பார்த்தாலோ படம் பிடித்தாலோ முதல் தடவைக்கே ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66 ஈ-யும் சேரும். அதில் ஆண் பெண் பேதம் இல்லை. ரிப்பேர் ஆட்கள் குளியலறையில் வேலை செய்து போன பிறகு கீசர் மேல்பக்கம், எக்ஸாஸ்ட் துளை, புதிதாக மாட்டிய சாக்கெட் இவற்றை ஒரு பார்வை பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_மாடி
சொல்லியும் கேக்காம மறுபடி டூப்ளிகேட் சாவி போட்டு வந்தா, படி என்ன?

வாய்தா
17-வது பிரிவை மீறினால் இவ்வளவு அபராதம் என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. சட்டத்தின் ஓட்டை அது. அதனால் நீங்கள் கட்ட வேண்டியது ஆதாரம்.

முதலில் எழுத்து. வாட்ஸ்அப்பில் நாள், நேரம், யார் வந்தார், அது எப்படித் தெரிந்தது என்று நாலு வரி, மரியாதையாக: "சார், 12-ஆம் தேதி மதியம் நாங்கள் இல்லாதபோது வீட்டுக்குள் வந்திருக்கிறீர்கள். இனி 17-வது பிரிவுப்படி ஒரு நாள் முன்பு எழுத்தில் தெரிவித்து வாருங்கள், கட்டாயம் ஒத்துழைப்போம்." கடைசி வரியை விடாதீர்கள், பின்னால் அதுதான் உதவும். இரண்டாம் தடவை நடந்தால் அதையே ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றதற்கான சான்றோடு. வாட்ஸ்அப் உரையாடலைக் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்; போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள்.

மூன்றாவது போலீஸ். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததென்றால் பி.என்.எஸ். 329. வீட்டுக்குள் அத்துமீறலுக்கு ஒரு வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இங்கேதான் புகார்கள் சறுக்குகின்றன. அடுத்தவர் சுவாதீனத்தில் உள்ள இடத்தில் நுழைந்தால் மட்டும் போதாது, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருக்க வேண்டும். "வந்தார்" என்று மட்டும் எழுதினால் "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிடுவார்கள். எழுத்தில் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்தார், என்ன பேசினார், எதைத் தொட்டார் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், முன்பு அனுப்பிய தபாலின் நகலை இணையுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றதற்கான ரசீது, வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

அடுத்தது தடை உத்தரவு. 2017 வாடகைச் சட்டத்துக்குள் வரும் விஷயங்களில் சிவில் கோர்ட்டுக்கு வரம்பு குறைத்திருப்பதால் மனுவை எப்படி வடிவமைப்பது என்று வக்கீலை வைத்துத்தான் போக வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

ராயபுரம்_ரவுண்டானா
கோவத்துல ஓனர் தண்ணியை நிறுத்திட்டா, கரண்ட்டைப் பிடுங்கிட்டா? நடக்கறது அதுதான்.

வாய்தா
2017 வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவு. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர், வண்டி நிறுத்துமிடம் எதையும் நிறுத்தக் கூடாது. ரென்ட் அத்தாரிட்டியிடம் மனுப் போட்டால் இடைக்கால உத்தரவு வாங்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். நுழைவுத் தகராறை விட இதில் சட்டம் பல்லோடு இருக்கிறது. சாமானை வெளியே போட்டுப் பூட்டிவிட்டால் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-வது பிரிவு, ஆறு மாசத்துக்குள் வழக்கு. ஏழாவது மாசம் போனால் அந்த வழி மூடிவிடும்.

தண்டையார்பேட்டை_லீசு
நீங்க எல்லாம் மாச வாடகை பேசறீங்க. இங்க பாதி வீடு லீசு. அஞ்சு லட்சமோ ஆறோ கொடுத்துட்டு மூணு வருஷம், வாடகை இல்ல. அதுக்கு?

வாய்தா
தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. போக்கியம் என்று எழுதியிருந்தால் அது சொத்து மாற்றுச் சட்டம் 58 டி-யில் வரும் சுவாதீன அடமானம், பணம் திரும்பும் வரை சுவாதீனமே உங்களுடையது. 100 ரூபாய்க்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த அடமானம் செல்லாது. ஆனாலும் நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்ட வழியில்லாமல் வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் கிருஷ்ணராம் மகாலே வழக்கிலேயே சொல்லிவிட்டது. நுழைவு விஷயத்தில் அது போதும். போட்ட பணம் விஷயத்தில் போதாது.

இங்கேயே சேர்த்துவிடுகிறேன். அரசு வாரிய அடுக்குமாடி வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் உள்வாடகைக்கு விட்டிருந்தால் 2017 சட்டத்தை நம்பாதீர்கள். அரசு அமைப்புகளின் கட்டடங்களுக்கு அது பொருந்தாது. மணலி, எண்ணூர் பக்கம் ஒரு ரூமுக்கு ஆறு பேர், கட்டில் கணக்கில் பணம் என்றால் அது பெரும்பாலும் வாடகை இல்லை, லைசென்ஸ், அதாவது தங்க அனுமதி மட்டும். தனிச் சுவாதீனம் இருக்கிறதா என்பதே அடையாளம், 1959-லேயே உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். லைசென்ஸில் நடத்துபவர் உள்ளே வரலாம். கேமரா வைக்க அது அனுமதி ஆகாது.

ஓனர்_தரப்பு
அக்ரிமென்ட் பதிவு பண்ணலைன்னா இதெல்லாம் யாருக்கு நஷ்டம்?

வாய்தா
இருவருக்கும். எழுத்தில் அக்ரிமென்ட் போட்டு 90 நாளுக்குள் ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும், அரசின் டெனன்சி இணையதளத்திலேயே செய்யலாம். எழுத்தில் அக்ரிமென்ட்டே இல்லை என்றால் 21-வது பிரிவில் காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணம். 11 மாசப் பழக்கம் 1908 பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்தது, இங்கே உதவாது. பதியும்போது ஆதார் நகல் கேட்பார்கள். ஓனருக்கும் புரோக்கருக்கும் தனியாகக் கொடுக்கும் நகலில் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், நகலின் குறுக்கே "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதி.

பூட்டு_ரிப்பேர்_பெரம்பூர்
காலி பண்றப்ப வீடு காட்டற விஷயம் பாக்கி இருக்கு. அதுலதான் அதிகமா சாவி கேக்கறாங்க.

வாய்தா
ஆமாம். ஓனருக்கும் நியாயம் இருக்கிறது, ஒரு மாசம் காலியாகக் கிடந்தால் நஷ்டம். அட்வான்ஸ் திரும்ப வருவதும் காலி செய்த ஒரு மாசத்துக்குள், புது ஆள் கொடுத்தால்தான் கையில் பணம் வரும் என்ற ஓனர்கள் நிறைய. அதனால் அக்ரிமென்ட்டில் இப்படி ஒரு வரி போடலாம்:

"காலி செய்ய அறிவித்த நாளிலிருந்து, வாரத்தில் இரண்டு நாள், மாலை 5 முதல் 7 மணிக்குள், 24 மணி நேர எழுத்து அறிவிப்புடன், வாடகைதாரர் வீட்டில் இருக்கும்போது, ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மிகாமல் வீட்டைக் காட்டலாம். புகைப்படம், வீடியோ எடுக்க வாடகைதாரர் சம்மதம் வேண்டும்."

கடைசி வாக்கியம் அவசியம். புரோக்கர் எடுக்கும் வீடியோவில் பீரோ, சாமி படம், குழந்தைகள் புகைப்படம் எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். காலியாக இருந்தபோது எடுத்த வீடியோவை ஓனர் வைத்துக்கொண்டால் அதையே அனுப்பலாம்.

கொருக்குப்பேட்டை_மாடி
புது அக்ரிமென்ட்டுக்கு இதை எல்லாம் சேர்த்து ஒரு வரி எழுதிப் பாத்தேன்: "உரிமையாளர் ரிப்பேர், பார்வையிடல், தொட்டி மற்றும் சம்ப் சுத்தம் ஆகியவற்றுக்கு, தேவைப்படும்போது, 24 மணி நேரம் முன்பு வாட்ஸ்அப்பில் அறிவித்து, காலை 7 முதல் இரவு 8-க்குள் வரலாம்." சரியா?

வாய்தா
"வாட்ஸ்அப்பில்" என்பதற்கு முன்னால் "கீழ்க்கண்ட எண்ணில்" என்று போட்டு இருவர் எண்ணையும் எழுதுங்கள். "வாடகைதாரர் அல்லது அவர் சொல்லும் பெரியவர் ஒருவர் முன்னிலையில்" என்பதைச் சேருங்கள்.

சம்ப்_மூடி
"தேவைப்படும்போது"வை அடிச்சுட்டு "மூன்று மாதத்துக்கு ஒரு முறை"ன்னு போடுங்க. அது தொட்டிக்கும் சம்புக்கும் மட்டும். ரிப்பேருக்குக் கணக்கு வைக்க முடியாது.